தாலியோடு ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போன பஸ்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே முக்கால். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி கேட். பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியுமாக வரிசையில் நின்றுகொண்டு, கழுத்தில் இல்லாத ஐ.டி. கார்டைத் தடவித் தேடிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவர் கையில் பூ சுற்றிய தாம்பாளம். அதில் தாலி. அந்தத் தாலி அந்நேரம் நசரத்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் இருந்திருக்க வேண்டும்.

ட்ரான்ஸ்போர்ட் செக்ஷனில் முப்பது வருடம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிரேக்டவுன், பந்த், வெள்ளம் எல்லாம் பார்த்தாயிற்று. ஆனாலும் சர்வீஸில் மறக்க முடியாத நாள் எது என்று யாராவது கேட்டால், இந்த மானக்கேட்டைத்தான் சொல்கிறேன்.

மாப்பிள்ளை சேகர், எங்கள் வெல்டிங் ஷாப்பில் வேலை செய்பவன். அப்பா அம்மா இல்லை. அக்கா கஸ்தூரிதான் வளர்த்தார். அவரும் எங்கள் கம்பெனி கேன்டீனில்தான் வேலை. மாப்பிள்ளை முந்தின நாள் மாலையே மண்டபத்துக்குப் போய்விட்டான். தாலியை ராத்திரி முழுக்க வீட்டுச் சாமி படத்தின் முன்னால் வைத்து, விடியற்காலையில் எடுத்துப் போவது அவர்கள் வீட்டு வழக்கம். அதனால் கஸ்தூரி ஆவடியிலேயே தங்கி, காலையில் எங்களோடு கம்பெனி பஸ்ஸில் வந்தார். தொழிலாளர் வீட்டு விசேஷத்துக்கு லீவு நாளில் பஸ் கொடுப்பது எங்கள் கம்பெனியில் உண்டு. முகூர்த்தம் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள்.

டிரைவர் முனுசாமி. பத்தொன்பது வருடமாக அதே ஆவடி–அம்பத்தூர் ரூட். ஒரு நாள்கூட எங்களை லேட்டாக இறக்கிவிட்டதில்லை. வேறு டிரைவர் வந்தால் பஸ்ஸில் யாரும் தூங்க மாட்டார்கள். முனுசாமி என்றால் சீட்டில் உட்கார்ந்ததும் கண் சொக்கும். அவ்வளவு நம்பிக்கை.

அன்றும் அதே பஸ், அதே ஐந்து பத்து, அவரவர் வழக்கமாக உட்காரும் அதே சீட்டு. பஸ் கிளம்பியதும் மொத்தப் பேரும் தூங்கிவிட்டோம். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் பொறுப்பாக உட்கார்ந்திருந்த நான்தான் முதலில் தூங்கினேன். ஆவடி செக்போஸ்ட்டில் வலது பக்கம் திரும்பினால் பூந்தமல்லி ரோடு. நேரே போனால் அம்பத்தூர். பஸ் நேரே போனது.

கேட்டுக்கு வந்ததும் முனுசாமி வழக்கம்போல இரண்டு ஹாரன் அடித்தார். அந்தச் சத்தத்துக்கு நாங்கள் எழுந்து பழகியவர்கள். எழுந்தோம், இறங்கினோம், கேட்டை நோக்கி நடந்தோம். செக்யூரிட்டியும் சும்மா இல்லை. பஸ் வந்துவிட்டதென்று கேட்டைத் திறந்து, நோட்டில் டைம் எழுதியாகிவிட்டது. கஸ்தூரி பக்கத்தில் வந்தபோதுதான் செக்யூரிட்டிக்கு உறைத்தது.

"இன்னாம்மா, பட்டுப்பொடவ கட்டிகினு டூட்டிக்கு வந்துகீற?"

கஸ்தூரி தாம்பாளத்தைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். "ஐயோ, தாலி!" என்றார். எஸ்டேட்டில் அந்நேரம் ஒரு ஆட்டோகூட இல்லை.

முனுசாமி இறங்கி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "தங்கச்சி, எம்மேலதான் தப்பு. அதே நேரம், அதே ஆளுங்க. கையி அதுவா நேரா வுட்டுடுச்சி" என்றார். கண் கலங்கிவிட்டது.

தம்பியின் முகூர்த்தம் போகிற நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் போட்டிருக்கும் சத்தத்தில் கம்பெனியே ஆட்டம் கண்டிருக்கும். கஸ்தூரி ஒரு நிமிடம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்தே, நீ மட்டுமா? நாங்களும்தான் எறங்கி நடந்தோம். அழுவற நேரமா இது? ஏறு. இத்தினி வருசம் எங்கள ஒரு நாளு லேட்டா வுட்டதில்ல. இன்னிக்கும் வுட மாட்ட."

பஸ் திரும்பியது. சேகர் போன் செய்தான். கஸ்தூரி ஸ்பீக்கரில் போட்டார்.

"யக்கா, எங்க கீற? ஐயரு தாலி கேக்கறாரு!"

"கம்பெனி கேட்டாண்டருந்து வந்துகினே கீறோம் நைனா."

"இன்னாது, கம்பெனியா?"

"அத்த அப்பால சொல்றேன். நீ மணையவுட்டு எழுந்துக்காத."

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. ஆனால் மணி ஆறாகியிருந்தது. வானகரம் வந்ததும் சிக்னலில் சிவப்பு. குறுக்கே ஒரு வண்டியும் இல்லை. "போ அண்ணாத்தே, எவனும் வரல!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். நானும்தான் கத்தினேன். முனுசாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

"ஒரு தப்பு பண்ட்டேன். அத்த சரிக்கட்ட இன்னொண்ணு பண்ண சொல்றியா? உள்ள முப்பது உசுரு கீது."

பச்சை விழுந்த பிறகுதான் பஸ்ஸை எடுத்தார். அந்த மனிதரின் நிதானத்தை நினைத்தால் இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆறு இருபத்திரண்டுக்கு மண்டப வாசலில் பஸ் நின்றது. கஸ்தூரி தாம்பாளத்தோடு ஓடினார், நாங்கள் பின்னால் ஓடினோம். ஆறு இருபத்தேழுக்குக் கெட்டிமேளம். முனுசாமி வாசலிலேயே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, முகம் கழுவப் போனார்.

திங்கட்கிழமை ட்ரிப் ஷீட்டில் கணக்குக் காட்ட வேண்டும். 'தாமதத்துக்குக் காரணம்' என்று அதில் ஒரு கட்டம் உண்டு. "டைவர்ஷன்னு எழுதுப்பா, நான் கையெழுத்துப் போடுறேன்" என்றேன். முனுசாமி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் தானே எழுதினார்: 'பழக்கத்தில் கம்பெனிக்குப் போய்விட்டேன். என் தவறு.'

அதைப் படித்துவிட்டு எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. 'முன் சீட்டில் தூங்கியது நான்' என்று அதன் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அட்மின் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். வேலைக்கு வேட்டு என்றுதான் நினைத்தேன். அவர் ஷீட்டை இரண்டு முறை படித்தார். "பஸ்ல வேற யாராவது முழிச்சிக்கிட்டு இருந்தாங்களா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றோம். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இனிமேல் விசேஷத்துக்குப் பஸ் போனால் ஒருத்தர் விழித்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

விஷயம் அதோடு முடியவில்லை. அதுவரை அந்தக் கட்டத்தில் நான் பார்த்தது 'ட்ராஃபிக்' என்ற ஒரே சொல்தான். முனுசாமியின் ஷீட் ஷெட் முழுக்கப் பேச்சான பிறகு, மற்ற டிரைவர்களும் ஒவ்வொருவராக உண்மையை எழுத ஆரம்பித்தார்கள். 'டீக்கடையில் பேசிக்கொண்டிருந்துவிட்டேன்' என்று ஒருவர். 'வீட்டில் சண்டை' என்று ஒருவர். படித்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவேன்.

ஒரு நாள் பூந்தமல்லி ரூட் டிரைவர் எழுதியிருந்தார்: 'அம்மாவுக்கு இன்சுலின் போட ஆளில்லை. போட்டுவிட்டு வந்தேன்.' அவர் இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் 'ட்ராஃபிக்' எழுதியவர். அதற்காக நானே இரண்டு முறை மெமோ கொடுத்திருக்கிறேன். அன்றே அவருடைய ட்ரிப்பைப் பதினைந்து நிமிடம் தள்ளிப் போட்டேன். அதற்குப் பிறகு அவர் லேட்டாக வந்ததே இல்லை.