பதினாலு வீடும் பார்த்த பக்கம்

காலை ஏழு மணிக்குச் சேலத்தில் ஏறிய பஸ், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி எட்டேகாலுக்கு ஏற்காடு ஒண்டிக்கடை நிறுத்தத்தில் என்னை இறக்கியது. முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். என் வயிற்றைக் கேட்டால் முந்நூறு என்று சொல்லும். அங்கிருந்த டீக்கடையில் டீ பதினைந்து ரூபாய். பக்கத்து பெஞ்சில் ஒரு பெண்மணி, நனைந்து ஒட்டிப்போன நோட்டைப் பிரிக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்.

பெயர் செல்வி. மாரமங்கலத்தில் பூச்சிமருந்து அடிக்காமல் காபியும் மிளகும் விளைவிக்கும் பதினாலு குடும்பங்களுக்குத் தலைவி. எந்தத் தோட்டத்தில் என்றைக்கு என்ன போட்டார்கள் என்பதெல்லாம் அந்த நோட்டில்தான். மழையில் கூரை ஒழுகிவிட்டது. பத்து மணிக்குச் சான்று கொடுக்கும் அதிகாரி இங்கேயே வருகிறார். மூன்று வருடக் குறிப்பு இல்லையென்றால் இயற்கை விவசாயச் சான்று போய்விடும்.

“போட்டோ இருக்குதுங்க,” என்றார். “எங்கூர்ல சிக்னல் கெடைக்கறது நொம்பக் கஷ்டமுங்க. வாரம் ஒரு ஊட்டுக்காரங்க முறை வெச்சு, நோட்டை இங்க கொண்டாந்து படம் புடிச்சு கிளவுடுல ஏத்திருவோம். பதினாலு ஊட்டு போன்லயும் தெரியுமுங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் எடுத்த படங்களை எல்லாம் ஒரே பென்டிரைவில் போட்டு, அந்தப் பென்டிரைவைத் தேடிக்கொண்டிருப்பவன் நான். அவர் போனிலோ மூன்று வருடமும் வாரவாரியாக வரிசையில் நின்றது.

ஒன்பதரைக்கு அவர் தம்பி முருகேசன் பைக்கில் வந்தார். குரலைத் தாழ்த்தினாலும் என் காதில் விழுந்தது.

“அக்கா, நான் மருந்தடிச்சேன்னு எழுதுன பக்கத்தை மட்டும் அழிச்சுப்போடு. நோட்டும் நனைஞ்சு போச்சு, அந்தாளுக்கு எப்படித் தெரியும்?”

“பதினாலு ஊட்டுலயும் பாத்தாச்சு சாமி. அழிச்சுப்போட்டு அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?”

சொல்லிவிட்டாரே தவிர, செல்வி போனில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார். அந்த ஒரு பக்கத்தால் எல்லோருடைய சான்றும் போகலாம்.

அதிகாரி சரியாகப் பத்துக்கு வந்தார். படங்களைத் தள்ளிக்கொண்டே போனவர் அந்தப் பக்கத்தில் நின்றார். “இது யாருங்க?”

“நாந்தானுங்க,” என்று முருகேசன் முந்திக்கொண்டார். “காபிக் காயில வண்டு விழுந்துருச்சு. பயந்துட்டனுங்க.”

கீழே செல்வியின் கையெழுத்தில், ‘இந்தக் காபியை மற்றதோடு கலக்கக் கூடாது’ என்று இருந்தது. அதிகாரி அதை இரண்டு முறை படித்தார்.

“உங்க தோட்டம் மறுபடி முதல் வருசத்துல இருந்து ஆரம்பிக்கணும். மத்த பதிமூணுக்கும் சிபாரிசு பண்றேன். தப்பே இல்லாத நோட்டைத்தான் நான் நம்ப மாட்டேன்.”

செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் ஆபீசில் தவறு நடந்தால் முதலில் காணாமல் போவது ஃபைல்தான்.

இரண்டு மணிக்கு இறங்கும் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் வழியே பார்த்தேன். முருகேசன் பக்கத்துக் கடையில் புது நோட்டு வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, தன் பெயரையும் ‘முதல் வருடம்’ என்பதையும் எழுதினார். பிறகு அதைப் படம் எடுத்து, பதினாலு வீட்டுக்கும் தெரிய ஏற்றிவிட்டார்.