மகளின் கணக்கில் பார்த்த பேய்க் கதை

செத்துப்போன ஒரு பையன் தன் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து, தன் சாவுக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வரிசையில் கடைசி ஆள் ஒரு பேக்கரிக்காரர். அந்தப் பையன் தினமும் பன் திருடிக்கொண்டு ஓடியது அவர் கடையிலிருந்துதான். அவர் காகிதத்தில் சுற்றிய ஒரு பன்னைப் பையனின் படத்தின் முன்னால் வைத்துவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விட்டார். எல்லாம் கையால் வரைந்த பொம்மைகள். அதைப் பார்த்து, ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிரியாணி தின்ற கையோடு, ஐம்பத்தெட்டு வயதில் நான் அழுதேன்.

அது என் மகள் பள்ளிக்கூட நாளிலிருந்து விடாமல் பார்த்த ஜப்பான் கார்ட்டூன். அனிமே என்று சொல்ல வேண்டுமாம். நான் அதற்கு வைத்திருந்த பெயர் பேய்ப் பொம்மை. அவள் பத்தாவது படித்தபோது, திரையில் சண்டை உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து பிளக்கைப் பிடுங்கியவன் நான். பேசாமல் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்தாள். அடக்கமான பெண் என்று எனக்குப் பெருமை வேறு.

அந்தப் பெருமையில்தான் போன வருஷம் அவளைக் கேட்காமலேயே ஒரு வரனுக்கு வாக்குக் கொடுத்தேன். தூரத்துச் சொந்தம், நல்ல வேலை, நல்ல குடும்பம். "எம் பொண்ணு நான் கிழிச்ச கோட்டத் தாண்ட மாட்டா" என்று பத்துப் பேர் நடுவில் மார்தட்டினேன். மறுவாரம் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு புனேயில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அம்மாவோடு தினமும் போனில் பேசுவாள். என்னோடு ஏழு மாதமாக ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் பேசும்போது நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன். ஒரே பக்கத்தை அரை மணி நேரம் படிக்கும் ஆள் நான் ஒருவன்தான்.

வீட்டு டி.வி.யில், படம் பார்க்கும் ஆப்பில், அவளுடைய கணக்கு அப்படியே இருந்தது. கண்ணாடி போட்ட ஒரு பூனைப் படம், அதற்குக் கீழே அவள் பாதியில் விட்டவை. அவள் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை, அவள் பார்த்ததையாவது பார்ப்போம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டனை அழுத்தினேன். வாயில் நுழையாத ஜப்பான் மொழி, அடியில் ஆங்கில எழுத்து. என் ஆங்கிலம் ஐ.டி.ஐ. ஆங்கிலம். நிறுத்தி நிறுத்தி எழுத்துக் கூட்டிப் படித்ததில் இருபது நிமிஷ எபிசோடு முக்கால் மணி நேரம் ஓடியது.

நான் டெக் பார்க்கில் லிஃப்ட் மெக்கானிக். காலை ஷிஃப்ட் முடிந்து மூன்றரைக்கு வீடு வந்தால், ஆறு மணிக்கு மனைவியின் சீரியல் ஆரம்பிக்கும்வரை டி.வி. என்னுடையது. "இன்னாங்க இது, கொம்பு வெச்சிக்கினு, கண்ணு உருட்டிக்கினு... வயசான காலத்துல உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த வேல?" என்பாள் அவள். சும்மா இரு என்று கையைக் காட்டுவேன்.

ஏனென்றால் கதை என்னை விடவில்லை. அந்தப் பையனுக்கு மேலுலகத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பாதி பிணம், பாதி மனிதன். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி. திரும்பி வந்தவனுக்கு ஒரு வேலையும் கொடுக்கிறார்கள்: போக மனசில்லாமல் திரிகிற ஆவிகளைச் சமாதானப்படுத்தி அனுப்ப வேண்டும். முதல் பகுதி முழுக்க வாரம் ஒரு ஆவி, வாரம் ஒரு துக்கம். இரண்டாவது பகுதி ஒரு மலை உச்சியில் நடக்கும் பெரிய போட்டி, ஐந்து பேருக்கு ஐந்து பேர். அதில் ஒரு ராட்சசன் பையனை அடித்து நொறுக்கிக்கொண்டே வந்தவன், சட்டென்று நின்றுவிடுகிறான். பையனின் செருப்பு வார் அறுந்துவிட்டது. அவன் அதை முடிச்சுப் போடும்வரை ராட்சசன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறான். பிறகு மறுபடியும் அடிக்கிறான். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். பகையில்கூட இப்படி ஒரு மரியாதை உண்டா! இதையா நான் பேய்ப் பொம்மை என்றேன்?

நாற்பத்தேழு எபிசோடு முடித்த மறுநாள் டி.வி. பன்னிரண்டாவது எபிசோடில் போய் நின்றது. திரும்ப நாற்பத்தெட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுத்த நாள் பதினான்கு. வயரைக் கழற்றி மாட்டினேன், பெட்டியைத் தட்டினேன். ஊர் லிஃப்டையெல்லாம் சரிசெய்கிறவன் வீட்டு டி.வி.யிடம் தோற்றேன். கடைசியில் வேலையிடத்தில் ரிசப்ஷனில் இருக்கும் கிருஷ்ணகிரிப் பெண்ணிடம் கேட்டேன். அந்தக் கார்ட்டூனின் பெயரைச் சொன்னதுமே அவள் கண் விரிந்தது.

"அங்கிள், நீங்க அதப் பாக்குறீங்களா? இப்ப நாங்க பாக்குற எல்லாத்துக்கும் வேரே அதுதான். அதப் பாத்து வளந்தவங்கதான் இப்ப படம் எடுக்குறாங்க. உங்க டி.வி.க்கு ஒண்ணும் ஆவல. அதே அக்கவுண்ட்ல வேற எடத்துல யாரோ பாக்குறாங்க, அவ்ளோதான்."

வேற இடம் என்றால் புனே. யாரோ என்றால் என் மகள். அப்படியானால் நான் பார்ப்பதும் அவளுக்குத் தெரியும். அவள் அம்மா இதைப் பார்க்கவே மாட்டாள் என்பதும் தெரியும்.

அன்றிலிருந்து, ஏற்கெனவே பார்த்ததானாலும், நான் அவள் விட்ட இடத்துக்குப் பின்னால் போனேன். அவள் பதினாறில் நிறுத்தினால் நான் பதினேழைப் பார்த்துவிட்டு நிறுத்துவேன். மறுநாள் வந்து பார்த்தால் பதினெட்டு முடிந்திருக்கும். ஒன்று அவள், ஒன்று நான். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. வேலையில் இருக்கும்போது மூன்றரை எப்போது ஆகும் என்று இருக்கும். அப்பனும் மகளும் ஒரே திண்டில் சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பதுபோல எனக்கு ஒரு நினைப்பு.

பிறகு மூன்றாவது பகுதி வந்தது. அதில் எதிரி வேறு யாருமில்லை. அந்தப் பையனுக்கு முன்னால் அதே வேலையைப் பார்த்த பெரியவர். யாரையும் கேட்காமல் இரண்டு உலகத்துக்கும் நடுவே உள்ள கதவைத் திறக்கப் பார்க்கிறார். ஏன் என்று கேட்டால், எல்லோருடைய நல்லதுக்கும்தான் என்கிறார். அந்த வரியை எழுத்துக் கூட்டி முடித்ததும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன். அச்சு அசலாக, வரனுக்கு வாக்குக் கொடுத்தபோது நான் சொன்ன வார்த்தை. கெட்டவன் பேசினால் பரவாயில்லை, அவர் உண்மையிலேயே நம்பித்தான் பேசுகிறார். அதுதான் பயமாக இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால், எங்கோ ஜப்பானில், முகம் தெரியாத ஒரு ஆள் என்னை எப்படி வரைந்தான்?

மறுநாள் வரன் வீட்டுக்குப் போன் போட்டு, "நான் குடுத்த வாக்க வாபஸ் வாங்கிக்கிறேன், பொண்ண கேக்காம குடுத்தது எந் தப்பு" என்றேன். மானம் கெட்டவன், வாக்குச் சுத்தம் இல்லாதவன் என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் மகளுக்குப் போட்டேன். ஏழாவது மணியில் எடுத்தாள்.

"அவங்களுக்கு வேணாம்னு சொல்லிட்டேம்மா. உன்னக் கேக்காம செஞ்சேன். மன்னிச்சுக்கோ."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்தப் பெரியவரு கதவத் தொறக்குற எடம் பாத்தேன். நீயும் நேத்து அதத்தான பாத்த?"

"எந்தப் பெரியவரு? இன்னாப்பா சொல்ற?"

பெயரைச் சொன்னேன். ஒன்று நீ, ஒன்று நான் என்று பார்த்ததைச் சொன்னேன்.

"நானா? நான் இங்க வந்ததுல இருந்து ஒரு எபிசோடுகூட பாக்கலப்பா. என் லேப்டாப்புல ரூம்மேட்தான் பாக்குறா. எவனோ தெனம் ஒரு எபிசோட முழுங்கிடுறான்னு கத்திக்கினே இருக்கா."

இரண்டு மாதமாக நான் யாரோ ஒரு மராட்டிப் பெண்ணோடு மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கத்தில் போனை வைத்துவிடலாமா என்று நினைத்தேன். அந்தப் பக்கம் சிரிப்பதுபோலக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது.

"நீயா பாத்த? இங்கிலீஷ் படிச்சா? எல்லாத்தையும்?"

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குதும்மா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு, "அதுல உனக்கு யாரப்பா புடிச்சிருக்கு?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை நான் அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.