சுவருக்கு உள்ளே ஓர் இடம்

தண்ணீருக்காக அடித்துக்கொள்வது எங்கள் தெருவில் புதிதல்ல. ஆனால் என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ரத்தம் வர அடித்துக்கொண்டது குழாய்த் தண்ணீருக்காக அல்ல. என் மகளின் நெற்றியில் ஊற்ற வேண்டிய ஒரு கை தண்ணீருக்காக.

இரண்டு வீட்டாரும் பரம்பரைக் கத்தோலிக்கர்கள். கல்யாணமான அடுத்த வருஷமே, தட்டாஞ்சாவடி கம்பெனியில் கூட வேலை செய்த ஒருவர் பேச்சைக் கேட்டு இவர் எங்கள் மாதா கோயிலை விட்டுவிட்டு வேறொரு கிறிஸ்தவச் சபைக்குப் போக ஆரம்பித்தார். கடலில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். "வெவரம் தெரியாத கொழந்த தலையில தண்ணி ஊத்துனா ரட்சிப்பு வந்துடுமா? மனசார நம்பி, தானா எறங்கணும்" என்று சோற்றுத் தட்டின் முன்னாலும் பிரசங்கம். மாதா படத்தைக் கழற்றிப் பரணில் போட்டார். நான் சொம்பை எடுத்து வீசினேன், அவர் நெற்றி கிழிந்தது. அவர் என்னை அறைந்தார். அப்படித்தான் இருந்தது எங்கள் குடித்தனம்.

என்னால் விட்டுக்கொடுக்க முடியாததற்குக் காரணம் உண்டு. எனக்கு முன்னால் பிறந்த அக்கா, ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் இறந்துபோனாள். அந்தக் காலத்துப் பங்குச் சாமியார் கல்லறைத் தோட்டத்துக்குள் விடவில்லை. சுவருக்கு வெளியே, முள்ளுச்செடிகளுக்கு நடுவே புதைத்தார்கள். கல்லறைத் திருநாளுக்கு ஊரே உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றும். அம்மா வெளியே ஏற்றுவாள். இப்போதைய சாமியார்கள் அப்படி யாரையும் ஒதுக்குவதில்லை, கடவுளின் இரக்கம் பெரியது என்கிறார்கள். அதை என் அம்மாவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

மகள் மாதம் முடியுமுன்பே, நீலம் பாரித்துப் பிறந்தாள். உழவர்கரையில் நான் சேர்ந்திருந்த சின்ன நர்சிங் ஹோமில் அதற்கு வசதி இல்லை. நான் தையலோடு கிடக்க, இவர்தான் குழந்தையைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் கதிர்காமத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மறுநாள் நான் அங்கே போய்ச் சேர்ந்ததும் நர்ஸ் எரிந்து விழுந்தார்.

"யாரும்மா கொழந்தய ஈரத் தலையோட அனுப்புனது? குளுந்துபோய் வந்துச்சி."

பிரசவம் பார்த்த இடத்தில் யாரோ குளிப்பாட்டிவிட்டார்கள் என்று நினைத்து, முகம் தெரியாத அந்த ஆளை வாயாரச் சபித்தேன்.

இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதும் அண்ணன் கோயிலுக்கு ஓடி, பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்தான். சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீரும், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் என்கிற அந்த ஒரு வாக்கியமும் போதும். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். ஆனால் வார்டு வாசலில் இவர் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில், ஜெபிக்க வந்திருந்த சபைப் பாஸ்டர்.

"மாப்ள, நவுரு" என்றான் அண்ணன்.

"எம்பொண்ணு மேல ஒரு சொட்டு பட்டுச்சி, கைய ஒடச்சிடுவேன்."

அண்ணன் இவர் வாயிலேயே குத்தினான். உதடு பிளந்தது. இவர் அண்ணன் முடியைப் பிடித்து இரும்பு பெஞ்சின் முனையில் மோதினார். அவன் சட்டையெல்லாம் ரத்தம். பாஸ்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். வாட்ச்மேன் தடியால் இருவரையும் விளாசினார். சத்தம் கேட்டு நர்ஸ் வெளியே ஓடிவந்தார். உருண்டு கிடந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனேன். மூக்கில் குழாயோடு கிடந்தவளின் நெற்றியில் தண்ணீர் விட்டு, வாக்கியத்தைச் சொன்னேன்.

வெளியே வந்து, "குடுத்துட்டேன்" என்றேன். ஜெயித்த திமிரில்தான் சொன்னேன்.

இவர் பாய்ந்து என் கழுத்தைப் பிடித்தார். நகம் சதையில் இறங்கியது. நான் அவர் கையைக் கடித்தேன். வாட்ச்மேன் இழுத்துப் பிரித்ததும் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"ரெண்டு தரம் குடுக்கக் கூடாதுடி! பாவம்டி! நான் ஆட்டோவுலயே ஊத்திட்டேன். மூச்சு நின்னுடுச்சின்னு நெனச்சேன். குடிக்கிற தண்ணிதான் கையில இருந்துச்சி."

ஒருவருக்கு ஒரு ஞானஸ்நானம்தான். அதுவும் அதே வகுப்பில் படித்தது. தான் இரண்டாம் தரம் கடலில் முங்கியபோது உறைக்காதது, பிள்ளைக்கு என்றதும் உறைத்திருக்கிறது. குழந்தைக்குக் கொடுப்பது செல்லாது, செல்லாது என்று ஊரெல்லாம் சொன்ன மனுஷன், செல்லும் என்று நம்பித்தான் வாசலை மறித்திருக்கிறார். பாஸ்டர் எதிரில் அதைச் சொல்ல வாய் வராமல் என் அண்ணன் மண்டையை உடைத்திருக்கிறார். அவரைக் கொன்றுபோடலாம் என்று இருந்தது எனக்கு.

அன்று சாயங்காலம் மகள் இறந்துபோனாள். ஈரத் தலையால் அல்ல, நுரையீரல் விரியாததால் என்று டாக்டர் சொன்னார். நம்பினேன்.

அடக்கத்தின்போது சாமியார், "ஞானஸ்நானம் யார் கொடுத்தது?" என்று கேட்டார். தலையில் கட்டோடு நின்ற அண்ணன் என்னைப் பார்த்தான். சபைக்காரர்கள் கல்லறை கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். நான் இவரைப் பார்த்தேன். வீங்கிய உதட்டோடு இவரே, அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நாந்தான் சாமி. ஆட்டோவுல."

சபைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். சுவருக்கு உள்ளே தோண்டிய குழியில் மகளை இறக்கி மண் போட்டோம்.

எல்லாம் முடிந்ததும் அம்மா இவர் எதிரில் வந்து நின்று ஓங்கி ஓர் அறை விட்டாள், என் கழுத்தில் இருந்த நகக்காயத்துக்காக. பிறகு அவருடைய வலது கையை இழுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு, "எம்மொத கொழந்தைக்கி இப்பிடி ஒரு கை இல்லாம போச்சே" என்று அழுதாள்.