ராஜா மடித்த சேலை

ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு மெட்ராஸ் நாடகக் கொட்டகை வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை ஆரணியிலிருந்து நெசவுக் குடும்பங்களெல்லாம் பஸ் பிடித்துப் போவோம். தகரக் கூரையின் கீழ், மின்விசிறி இரைச்சலுக்கு நடுவில், முகத்தில் அரிதாரம் அப்பிக்கொண்டு அப்பா எங்கள் சௌராஷ்டிர பாஷையில் ராஜாவாக முழங்குவார். ராஜா பரிசாகக் கொடுத்த பட்டுச்சேலையை ராணி கோபத்தில் அவர் காலடியில் வீசுவாள். உடனே வாளை உருவவேண்டிய அப்பா, ஒவ்வொரு வருஷமும், சேலையை எடுத்துத் தூசி தட்டி, ஜரிகை கசங்காமல் மடித்து வைத்த பிறகுதான் வசனத்துக்கு வருவார். யாரும் சிரித்ததில்லை, எல்லோரும் தறிக்காரர்கள், மடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள். அப்போது எனக்கு அத்தனை வசனமும் மனப்பாடம்.

கொட்டகையை இடித்து எவ்வளவோ காலமாயிற்று. பெட்டியிலிருந்த அந்தச் சேலை என் கை தவறிக் கீழே விழுந்தது. பேச்சே குறைந்துபோன அப்பா கட்டிலிலிருந்து இறங்கி, அதை எடுத்துத் தட்டி, மெல்ல மடித்துவிட்டு, கம்மிய குரலில் ராஜாவின் வசனத்தைச் சொன்னார். எங்கள் பாஷை பேசியே பல வருஷமான எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

"என்னாப்பா சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லம்மா" என்றார், தமிழில். "நீ சீட்டத் தேடு."