நாலு கோப்பைக் கெட்டில்

மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் என் வீட்டு அடுப்பின் மேல் பழைய எனாமல் கெட்டில் ஒன்று இருக்கிறது. நாலு கோப்பைத் தண்ணீர்தான் பிடிக்கும். விருந்தாளி வந்தால் என் மனைவி அதை ஒளித்துவைத்துவிடுவாள். என்னையும் ஒளித்துவைக்க இடம் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அது மிஸ்ஸியுடையது. எழுபதுகளின் நடுவில், பத்து காஜா ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் டிரெஸ்ஸர். அதாவது தோட்டத்து மருந்தகத்தில் அரை வைத்தியன், மீதி நேரம் புத்தகப் புழு. மிஸ்ஸி, கடல் கடந்து தொண்டூழியத்துக்கு வந்த வெள்ளைக்காரத் தாதி. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பெண்களிடம் தமிழ் கற்றவர். சண்டையும் அவர்களைப் போலவே போடுவார். பேராக் மாநிலத்தில் அவரைப் போல வேலை செய்த வெளிநாட்டுத் தொண்டூழியர்களுக்கு ஒரு மன்றம் இருந்தது. மாதம் ஒருமுறை ஈப்போவில் ஒரு கோப்பிக்கடை மாடியில் கூடுவார்கள். கொசுவலை, விடுப்பு, தனிமை என்று குறைகளைப் பேசி, தங்களை அனுப்பிய தலைமை அலுவலகத்துக்குச் சொல்வார்கள். மிஸ்ஸியைத் தலைவராக்கினார்கள். "சத்தம் போடுற ஆளுதான் வேணுமாம்ண்ணே" என்றார். பெருமைதான்.

அந்த ஆண்டு மழைக்குப் பிறகு, அடுத்த தோட்டத்தில் பாடம் நடத்திய இளம் தொண்டூழியர் டைபாய்டில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கிணற்றுத் தண்ணீர். எங்கள் லயத்திலும் அதே மாதிரிக் கிணறு, அதே காய்ச்சல். ஆனால் லயத்துக் காய்ச்சலுக்கு மன்றம் கிடையாது. மிஸ்ஸி யோசித்தார். குழாய்த் தண்ணீர் இல்லாத தோட்டத்தில் தொண்டூழியர்களுக்கு ஆபத்து என்று மன்றம் சொன்னால், தோட்டத்துக்குக் குழாய் வந்தாக வேண்டும். வந்தால் லயத்துக்கும் வரும். பிரமாதம் என்றேன். நான் பிரமாதம் என்று சொன்ன எதுவும் உருப்பட்டதில்லை. அது அவருக்குத் தெரியாது.

தலைமை அலுவலகம் மிக விரைவாக, மிக அன்பாக இசைந்தது. தண்ணீர் சரியாகும்வரை தோட்டங்களில் தொண்டூழியர் யாரும் இருக்க வேண்டாம், எல்லாரும் வெளியேறலாம். மன்றத்துக்கு வெற்றி. மாடியில் கை தட்டினார்களாம்.

"நீங்க மட்டும் இருந்துருங்க மிஸ்ஸி" என்றேன்.

"எப்படிண்ணே? ஆபத்துன்னு சொன்னதே நான்தான். நானே இருந்தா அது பொய்யின்னு ஆயிடும்லா. ஆஸ்பத்திரில கெடக்குற அந்தப் பையனத் திரும்ப அந்தக் கெணத்துக்கே அனுப்பிருவாங்க."

அவர் புறப்பட்ட காலையில் கங்காணி வீட்டு அக்கா ஜீப்பருகே வந்து நின்றார். அவருடைய மகள் அப்போதும் காய்ச்சலோடு என் மருந்தகத்தில்தான் கிடந்தாள். இரவெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் மிஸ்ஸி.

"மிஸ்ஸிக்கு ஆகாத தண்ணி எங்களுக்கு ஆகுமா?"

குரலை உயர்த்தவில்லை. சந்தையில் விலை விசாரிப்பது போலத்தான் கேட்டார். மிஸ்ஸி பெட்டியைத் திறந்து, கெட்டிலை எடுத்து நீட்டினார். "காய்ச்சிக் குடிங்கக்கா."

அக்கா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். "நாலு கோப்பதான் புடிக்கும் போல. லயத்துக்கு இது பத்தாது மிஸ்ஸி. டிரெஸ்ஸருகிட்ட குடுங்க, அவரு ஒண்டிக்கட்ட."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மிஸ்ஸியும் சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. அக்காவின் மகள் பிழைத்தாள். பக்கத்துக் கட்டிலில் கிடந்த கிழவர் பிழைக்கவில்லை.

குழாய் பிறகு வந்தது. தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்து, வீடுகள் கட்டியபோது வந்தது. லயத்து ஆட்கள் அதற்குள் தொழிற்சாலை வேலை தேடிச் சிதறியிருந்தார்கள். நான் கெட்டிலோடு இங்கே வந்துவிட்டேன்.

இப்போது வீட்டில் நாலு பேர். குழாயில் நல்ல தண்ணீர்தான்; இருந்தாலும் காலையில் காய்ச்சுகிறேன். ஆளுக்கொரு கோப்பை ஊற்றினால் கணக்காகப் போதுகிறது. ஊற்றி முடித்ததும் மூடியைத் திறந்து, அந்த அக்காவைப் போல, உள்ளே பார்க்கிறேன்.