அவள் விழுங்கிய என் மாத்திரை

போன மழைக்காலத்தில் என் மனைவி எனக்கு விஷம் வைக்கிறாள் என்று நம்பினேன். நம் சபையில் எழுந்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறேன். எட்டு வருடமாக மனநோய்க்கு மாத்திரை உண்டு. ஒரு ஜெபக் கூட்டத்தில், சுகம் கிடைத்துவிட்டது என்று எழுந்து நின்றேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். அதற்குப் பிறகும் மாத்திரை சாப்பிட்டால் அவிசுவாசம் ஆகிவிடுமே என்று யாருக்கும் தெரியாமல் நிறுத்தினேன்.

இரண்டு மாதம் ஒன்றுமில்லை. பிறகு மழை பிடித்தது. மழையில் பால் வெட்டு கிடையாது. வீட்டில் சும்மா இருந்தேன். மாத்திரைக்கு முன்பு காதில் கேட்ட பழைய குரல் திரும்பி வந்தது. முதலில் ஓட்டின் மேல் விழும் மழைக்குள் கேட்டது. மழை விட்ட பிறகும் கேட்டது. கஞ்சியில் விஷம் இருக்கிறது, குடிக்காதே என்றது. குடிக்கவில்லை. மூன்று நாள் தூங்கவும் இல்லை.

டப்பாவில் மாத்திரை குறையாமல் இருப்பதை என் மனைவி லீலா கண்டுபிடித்தாள். காலையில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதுலயும் கலந்திருக்க" என்றேன்.

"இஞ்ச பாருங்க. வெஷம்னா எனக்கும் ஏறட்டு." வாயில் போட்டு விழுங்கிவிட்டாள். "இனி நீங்க தின்னுங்க."

நான் தின்னவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பேச்சு குழறியது. பாயில் படுத்தாள். கூப்பிட்டேன். அசையவில்லை. பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டும் என்றுகூட அந்த நிலையில் எனக்குத் தோன்றவில்லை.

குரல் சிரித்தது. அவள் செத்துவிட்டாள், நீதான் கொன்றாய், கிணற்றடிக்கு வா என்றது. எழுந்துவிட்டேன். வாசலில் நின்று, "ஆண்டவரே, இவள் எழும்பும் வரை என்னை இங்கேயே பிடித்து வையும்" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மத்தியானம் ஆயிற்று. இப்போது குரல் செத்துப்போன என் அப்பாவின் பேச்சில் கூப்பிட்டது. "ஏலே மக்கா, வாலே." நான் அவள் கையை விடவில்லை.

பொழுது சாயும்போது லீலாவின் விரல் அசைந்தது.

"கைய விடுங்க, மரத்துப் போச்சு" என்றாள்.

அழுதேன். அப்போதே மாத்திரையைச் சாப்பிட்டேன்.

மறுநாள் டாக்டர் அவளைத்தான் திட்டினார். "ஏம்மா, இது கிறிஸ்மஸ் கேக்காக்கும், ஆளுக்கொரு துண்டு தின்ன? உயிரு போயிருந்தா?"

"பின்ன, இவரு தின்னணும்லா டாக்டர்" என்றாள்.

அவள் செய்தது ஆபத்து. யாரும் செய்ய வேண்டாம்.

நான் கேட்டது ஒரு பகல் உட்கார்ந்திருக்கும் பலம். அதை ஆண்டவர் அப்படியே தந்தார். இப்போது தினமும் ஜெபிக்கிறேன், தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். குரல் முழுதாகப் போகவில்லை. எப்போதாவது தூரத்தில் யாரோ இருமுவதுபோல் வரும். வந்தால் லீலாவிடம் சொல்லிவிடுகிறேன். முன்பு மறைத்தவன், இப்போது மறைப்பதில்லை.

சுகமானேன் என்று சொன்ன வெட்கத்தில் மாத்திரையை ஒளித்து வைத்திருப்பவர்கள் நம்மிலும் இருக்கலாம். ஆண்டவரிடம் கேளுங்கள், அவர் கேட்பார். என் வீட்டுக்கும் வாருங்கள். எனக்கு அதிகம் பேச வராது. டாக்டரிடம் போகிற பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன்.