எந்தச் சரி?

பேருந்தில் முன் இருக்கைக்காரர் போனில் "சரி சரி" என்றால் போதும், அக்காவின் கைப்பை திறந்துகொள்ளும். சின்ன நோட்டு வெளியே வரும், பேனா மூடி பல்லிடுக்கில் போய் உட்காரும். 'போனை வைக்கிற சரி' என்று எழுதிவிட்டு, அந்த ஆள் நிஜமாகவே வைக்கிறாரா என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார். வைத்துவிட்டால் முகமெல்லாம் சிரிப்பு. இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது அதற்குப் பிறகுதான் தெரியும்.

வேலை, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் கூண்டில் ஏறினால் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அவர்கள் பேசுவது நீதிமன்றத்தின் மொழிக்குப் போக வேண்டும், வக்கீல் கேட்பது தமிழுக்கு வர வேண்டும். "கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, அப்படியே சொல்லணும்" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வதால் அங்கே அவருக்கு 'அப்படியே அக்கா' என்றே பெயர். சாட்சி 'நான்' என்றால் இவரும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சாட்சி கோபத்தில் "போடா மடையா" என்று கத்த, இவரும் நீதிபதியின் முகத்தைப் பார்த்து அதே சூட்டோடு சொல்லிவிட்டார். நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் இல்லீங்க, அவரு" என்று அக்கா சாட்சியைக் கைகாட்டினாராம்.

லிப்ட் பழுதுபார்க்கும் கணவர்தான் பாவம். "எங்க வீட்டுல நிம்மதியா ஒரு சரி சொல்ல முடியுதா? கடைக்குப் போலாமான்னா. சரின்னேன். எந்தச் சரி, வர்ற சரியா, என் வாயை மூடுற சரியாங்கறா!" என்று நண்பர்களிடம் புலம்புவார். வாயை மூடுகிற சரிதான் அது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் மனிதர்.

இந்தக் கிறுக்கு பிடித்தது போன வருடம், ஒரு வழக்கில். ஓட்டல் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் பெண் ஒருத்தி. துணி அடுக்கும் அறையில் மேற்பார்வையாளர் கதவை மறித்துக்கொண்டு அவள் மேல் கை வைத்தார் என்பது புகார். இருவரும் தமிழ் பேசுகிறவர்கள். அரசு வக்கீல் முதல் நாளே விரல்விட்டுச் சொன்னார்: தொட்டார் என்று காட்ட வேண்டும், அவளுக்குச் சம்மதம் இல்லை என்று காட்ட வேண்டும், சம்மதம் இருப்பதாக நம்ப அவருக்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை என்றும் காட்ட வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் வழக்கு போச்சு. தொட்டதை அந்த ஆள் மறுக்கவில்லை. "அவங்க சரின்னாங்க" என்பதுதான் அவர் பிடித்துத் தொங்கிய ஒரே கயிறு. போலீசில் எவரோ மொழிபெயர்த்த அவளுடைய வாக்குமூலத்திலும் 'நான் ஒப்புக்கொண்டேன்' என்றே இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, "ஒப்புக்கொண்டீர்கள் அல்லவா?" என்றார். அக்கா தமிழில் கேட்டார். அந்தப் பெண் பதறிவிட்டாள்.

"ஐயோ, நான் எங்க ஒத்துக்கிட்டேன்? சரி சரி, விடுங்கன்னுதானே சொன்னேன்!"

மொழிபெயர்ப்பாளர் வாதாடக் கூடாது. ஆனால் ஒரு சொல் சிக்கினால் கையைத் தூக்கலாம். அக்கா தூக்கினார். "சரி என்பதற்குச் சம்மதம் என்றும் பொருள் உண்டு, போதும் நிறுத்து என்றும் பொருள் உண்டு. கூடவே 'விடுங்க' என்று வந்தால், விட்டுவிடச் சொல்வது. அதைப் பதிவு செய்ய அனுமதி வேண்டும்" என்றார். எதிர்த்தரப்பு வக்கீல், "இவர் மொழிபெயர்ப்பாளரா, சாட்சியா?" என்று குதித்தார். அவள் வாக்குமூலம் கொடுத்தபோது போலீஸ் எடுத்த ஒலிப்பதிவைப் போடச் சொன்னார் நீதிபதி. போட்டார்கள். கரகரப்புக்கு நடுவே அவள் குரல்: "சரி சரி... விடுங்கன்னு சொன்னேன்." தாளில் 'விடுங்க' இல்லவே இல்லை! எவரோ ஒரு சோம்பேறி முழுங்கியிருந்தார். அடப்பாவி, முழுங்க வேறு சொல்லா கிடைக்கவில்லை?

அன்று வீடு திரும்பும் வழியில் வாங்கியதுதான் அந்த நோட்டு. வழக்கைப் பற்றி வீட்டில் மூச்சு விட மாட்டார். நோட்டைப் பார்த்துவிட்டு, பொதுப்பேச்சாகக் கணவர்தான் வாயைக் கிளறினார்.

"சரி, வாயே திறக்கலன்னா சம்மதம்தானே?"

"ஏங்க, நம்ம வீட்டைப் பூட்ட மறந்துட்டா, வர்றவன் போறவன் எல்லாரையும் உள்ள கூப்பிட்டதா அர்த்தமா? கதவை மறிச்சுக்கிட்டு நின்னா வர்ற சரியும் சரி இல்ல. அது பயம்."

கணவர் தலையை ஆட்டினார். சரி என்று சொல்லத் துணிவில்லை.

மறுநாள் மேற்பார்வையாளர் கூண்டில் ஏறினார். அவருக்கும் அக்காதான் நாக்கு. முந்தின நாள் அவளுடைய 'நான்', இன்று இவருடைய 'நான்'. இரண்டையும் ஒரே குரலில் சொல்ல வேண்டும், அதுதான் தொழில். அரசு வக்கீல் நிதானமாகக் கேட்டார்: "இந்தச் சம்பவத்துக்கு முந்தைய வாரம் இதே பெண்ணை, தாமதமாக வந்ததற்காகத் திட்டினீர்களா?"

"ஆமா, திட்டினேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சரி சரி, விடுங்க சார்னாங்க."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"விட்டுட்டேன்."

"ஏன்?"

"விடச் சொன்னாங்கல்ல?"

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. அக்கா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். குரலை ஏற்றாமல், இறக்காமல், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் நீதிபதியிடம் அப்படியே சொன்னார். மேசைக்கு அடியில் கால் மட்டும் தந்தி அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் தீர்ப்பு. மூன்றும் நிரூபணமாயின என்றார் நீதிபதி. 'குற்றவாளி' என்ற சொல்லை அந்த ஆளின் காதில் தமிழில் போட்டதும் அக்காதான்.

வழக்கு முடியும்வரை சாட்சியோடு தனியாக ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது விதி. முடிந்துவிட்டது. தாழ்வாரத்தில் பெஞ்சு ஓரமாக நின்று, பேனா மூடியைக் கடித்தபடி அக்கா நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஓடி வந்து, ஓர் அடி தள்ளி நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, உங்களை ஒரு தடவை கட்டிக்கட்டுமா?"

சரி என்று சொல்ல வாயெடுத்த அக்கா, சொல்லவில்லை. பல்லிலிருந்து மூடியை எடுத்தார், நோட்டைப் பெஞ்சில் வைத்தார், இரண்டு கைகளையும் அகல விரித்தார்.